உலோகம் காந்தமாக மாறும் விளிம்பில்: அணுக்கருத் தளர்வை அளந்து ஸ்பின் ஏற்ற இறக்கத்தைப் படிக்க ஒரு முழு வழிகாட்டி

சிர்க்கோனியம் தனியாகக் காந்தம் ஆகாது. துத்தநாகமும் ஆகாது. ஒரு பங்கு சிர்க்கோனியத்துக்கு இரண்டு பங்கு துத்தநாகம் என்று சேர்த்தால், அந்தச் சேர்மம் சுமார் 28 கெல்வினுக்குக் கீழே ஃபெர்ரோ காந்தமாகிவிடுகிறது. 1958இல் மத்தியாஸும் போசோர்த்தும் இதைக் கண்டுபிடித்தார்கள். காந்தமான பிறகும் ஒரு வாய்பாட்டு அலகுக்குக் கிடைக்கும் காந்தத் திருப்புத்திறன் சுமார் 0.17 போர் மேக்னட்டான்தான் (அணு அளவில் காந்த வலிமையை அளக்கும் அலகு அது). ஆனால் அதே பொருளைச் சூடாக்கி, காந்த ஏற்புத்திறனை (வெளிப்புலத்தில் பொருள் எவ்வளவு காந்தமாகிறது என்பதை) அளந்து, நிலையான திருப்புத்திறன்கள் கொண்ட பொருளுக்குரிய கியூரி–வெய்ஸ் விதியில் பொருத்திப் பார்த்தால், அதைவிடப் பத்து மடங்குக்கும் பெரிய திருப்புத்திறன் ஒவ்வொரு அலகிலும் உட்கார்ந்திருப்பது போலக் கணக்கு வரும். அப்படி எதுவும் அங்கே நிலையாக இல்லை. உலோகம் முழுவதும் ஓடித் திரியும் எலக்ட்ரான்களின் ஸ்பின்கள், கூட்டமாக ஒரு பக்கம் சாய்ந்து, கலைந்து, மறுபடி சாய்கின்றன. இந்த ஏற்ற இறக்கமே ஏற்புத்திறனுக்குக் கியூரி–வெய்ஸ் முகத்தைத் தருகிறது என்பதை மோரியாவும் கவாபட்டாவும் 1973இல் கோட்பாடாக வடித்துக் காட்டினார்கள்.

அந்த ஏற்ற இறக்கத்தை உள்ளே இருந்தபடியே கவனிக்கக்கூடிய கருவி அணுக்கரு காந்த ஒத்ததிர்வு, சுருக்கமாக என்எம்ஆர். என்எம்ஆர் அடிப்படை தெரிந்த, ஆனால் காந்த விளிம்பில் இருக்கும் உலோகத்தை இதுவரை அளந்திராத ஆய்வு மாணவரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் பெயர்கள். அணுக்கருக்கள் சமநிலைக்குத் திரும்ப எடுக்கும் நேரம் டி1 (T1). அதன் தலைகீழ் தளர்வு வீதம். தளர்வு வீதத்தை வெப்பநிலையால் வகுத்தால் வரும் எண்ணை இனி ‘வகுத்த வீதம்’ என்றே சொல்லப்போகிறேன். கட்டுரை முழுக்க அதுதான் திரும்பத் திரும்ப வரும்.

படி 1: எந்த அளவு எதைப் பார்க்கிறது என்று தெளிவாகுங்கள்

உலோகத்தில் அணுக்கருவின் ஒத்ததிர்வு அதிர்வெண் சற்று விலகி நிற்கும். வால்டர் நைட் 1949இல் தாமிரத்தில் கண்ட இந்த விலகலே நைட் பெயர்ச்சி. வெளிக்காந்தப்புலத்தில் எலக்ட்ரான் ஸ்பின்கள் எல்லா இடத்திலும் ஒரே திசையில் எவ்வளவு சாய்கின்றன என்பதை அது சொல்கிறது. அதாவது அலைத்திசையன் (சாய்வு இடத்துக்கு இடம் எந்தத் திசையில் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதன் அளவு) பூச்சியமாக இருக்கும் ஏற்புத்திறன், அதுவும் அசையாத நிலையில்.

டி1 பார்ப்பது வேறு. எலக்ட்ரான் ஸ்பின்கள் தள்ளாடும்போது அணுக்கரு இருக்கும் இடத்தில் காந்தப்புலமும் தள்ளாடும். அந்தத் தள்ளாட்டத்தில் வெளிப்புலத்துக்குச் செங்குத்தான பகுதி, ஒத்ததிர்வு அதிர்வெண்ணிலேயே துடிக்கும் அளவுக்கு, அணுக்கரு புரள்கிறது. 1963இல் மோரியா எழுதிய சூத்திரத்தைச் சொற்களில் சொன்னால்: ஒவ்வொரு அலைத்திசையனுக்கும் ஏற்புத்திறனின் கற்பனைப் பகுதியை (ஆற்றலை உறிஞ்சும் பகுதி) அதிர்வெண்ணால் வகுத்து, மீநுண் இணைப்பின் (எலக்ட்ரான் ஸ்பினுக்கும் அணுக்கருவுக்கும் உள்ள காந்தப் பிணைப்பு) வர்க்கத்தால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் வருவது வகுத்த வீதம். 50 மெகாஹெர்ட்ஸ் என்பது ஆற்றல் கணக்கில் 0.2 மைக்ரோ எலக்ட்ரான் வோல்ட், வெப்பநிலைக் கணக்கில் 2.4 மில்லிகெல்வின். எலக்ட்ரான்களின் அளவில் இது பூச்சியத்துக்குச் சமம். ஆகவே நாம் பார்ப்பது மிக மெதுவான ஏற்ற இறக்கத்தை மட்டும்.

நைட் பெயர்ச்சி ஒரே ஒரு அலைத்திசையனைப் பார்க்கிறது, டி1 எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் விழும் இடைவெளியில்தான் இந்தத் துறையின் செய்தி இருக்கிறது. டி1-ஐ மட்டும் அளந்து ‘ஸ்பின் ஏற்ற இறக்கம் தெரிகிறது’ என்று எழுதும் கட்டுரைகளை நான் பாதி அளவீடாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

படி 2: அணுக்கருவையும் அது உட்காரும் இடத்தையும் தேர்ந்தெடுங்கள்

அணுக்கரு ஸ்பின் அரை என்றால் நான்முனைத் தொல்லை (கோள வடிவில்லாத அணுக்கரு மின்னூட்டம் சுற்றியுள்ள மின்புலச் சரிவை உணர்ந்து ஒத்ததிர்வுக் கோட்டைப் பிளப்பது) இல்லை. பாஸ்பரஸ்-31 இதற்கு நல்ல உதாரணம்: ஸ்பின் அரை, இயற்கையில் 100 சதவீதம், டெஸ்லாவுக்கு 17.235 மெகாஹெர்ட்ஸ். இட்ரியம்-89-உம் ஸ்பின் அரைதான், அதுவும் 100 சதவீதம்தான். ஆனால் டெஸ்லாவுக்கு சுமார் 2.1 மெகாஹெர்ட்ஸ் என்பதால் சிக்னலுக்காகக் காத்துக்கிடக்க வேண்டும். ஆர்சனிக்-75 ஸ்பின் 3/2. அலுமினியம்-27 ஸ்பின் 5/2. ஸ்காண்டியம்-45, வனேடியம்-51 இரண்டும் 7/2.

எந்த அணுக்கரு என்பதைவிட அது எந்த இடத்தில் இருக்கிறது என்பது முக்கியம். இதற்கு இட்ரியம் பேரியம் தாமிர ஆக்சைடு மீக்கடத்தியைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. அதன் தாமிர-ஆக்சிஜன் தளத்தில் ஒவ்வொரு ஆக்சிஜனும் இரண்டு தாமிரங்களுக்கு நடுவில் இருக்கிறது. பக்கத்துப் பக்கத்துத் தாமிர ஸ்பின்கள் எதிரெதிராகத் துடித்தால் (இதுவே எதிர் ஃபெர்ரோ ஏற்ற இறக்கம்), ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் ஒன்றை மற்றொன்று ரத்து செய்துவிடும். அதனால் தாமிரத்தின் வகுத்த வீதம் குளிரக் குளிர வேகமாக ஏறும்போது, அதே படிகத்தில், அதே தளத்தில் இருக்கும் ஆக்சிஜன்-17 அந்த ஏற்றத்தைக் காட்டுவதே இல்லை. கிட்டத்தட்டத் தன் நைட் பெயர்ச்சியோடு சேர்ந்தே நகர்கிறது. இரண்டையும் ஒரே ஸ்பின் ஏற்ற இறக்கத்தால் விளக்கலாம் என்று 1990இல் மில்லிஸ், மோனியன், பைன்ஸ் மூவரும் காட்டினார்கள். ஆக்சிஜனை மட்டும் அளந்திருந்தால் ‘இங்கே எதிர் ஃபெர்ரோ ஏற்ற இறக்கம் இல்லை’ என்று முடிவு கட்டியிருப்போம்.

எனவே அளக்கத் தொடங்கும் முன்பே படிக அமைப்பைத் தாளில் வரைந்து, எந்த அலைத்திசையனில் உறுதியின்மை வரும் என்று எதிர்பார்க்கிறீர்களோ அந்த அமைப்பில் ஸ்பின்களைக் குறித்து, அணுக்கருவின் இடத்தில் புலம் கூடுகிறதா ரத்தாகிறதா என்று பாருங்கள். அரை மணி நேர வேலைதான்.

படி 3: மாதிரியைத் தயார் செய்யுங்கள்

உலோகத்துக்குள் ரேடியோ அலை ஆழமாகப் போகாது. அறை வெப்பநிலைத் தாமிரத்தில் 50 மெகாஹெர்ட்ஸ் அலை சுமார் 9 மைக்ரோமீட்டர் ஆழம்தான் இறங்கும். தூய உலோகத்தைக் குளிர்வித்தால் இன்னும் குறையும். தூளாக்கிச் சலித்து, துகள்கள் ஒன்றையொன்று தொடாமல் பாரஃபினிலோ எப்பாக்ஸியிலோ கலந்துவிடுங்கள். தொட்டால் சுழல் மின்னோட்டம் துகளிலிருந்து துகளுக்கு ஓடும், மாதிரி சூடாகும், 2 கெல்வினில் அளந்ததாக நினைத்த புள்ளி உண்மையில் 4 கெல்வினாக இருக்கும். அரைக்கும்போது உண்டாகும் இறுக்கத்தால் கோடு அகன்றால், பதப்படுத்தலை மறுபடி செய்ய வேண்டும். ஒற்றைப் படிகம் கிடைத்தால், சிக்னல் குறைந்தாலும் புலத்தின் திசையை மாற்றிப் பார்க்கலாம் என்பது பெரிய லாபம்.

அப்புறம் தூய்மை. காந்த விளிம்பில் இருக்கும் உலோகம் மாசை மன்னிக்காது. பல்லேடியம் காந்தமாகாத உலோகம்தான், ஆனால் அதன் ஸ்பின் ஏற்புத்திறன் பரிமாற்ற வினையால் (எலக்ட்ரான் ஸ்பின்களை ஒரே பக்கம் சாயத் தூண்டும் வினை) ஏறக்குறைய பத்து மடங்கு ஊதி நிற்கிறது. அதற்குள் ஒரே ஒரு இரும்பு அணு விழுந்தால் சுற்றியுள்ள பல்லேடியத்தையும் இழுத்துக்கொண்டு சுமார் 10 போர் மேக்னட்டான் திருப்புத்திறனை உருவாக்குகிறது. அப்படிப்பட்ட மாதிரியில் தாழ் வெப்பநிலையில் தளர்வு வேகமெடுத்தால், அது உலோகத்தின் குணமா மாசின் குணமா என்று டி1 தானாகச் சொல்லாது.

படி 4: அலுமினியத்திலும் தாமிரத்திலும் கை பழகுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். இரண்டுமே கனசதுரப் படிகம் என்பதால் நான்முனைப் பிளவு இல்லை; மீட்சி, அதாவது அழித்த காந்தமாக்கல் நேரத்தோடு திரும்ப வருவது, ஒற்றை அடுக்குக்குறிச் சார்பாக வரும். அலுமினியத்தில் டி1-ஐ வெப்பநிலையால் பெருக்கினால் சுமார் 1.85 விநாடி-கெல்வின், தாமிரம்-63இல் சுமார் 1.27 விநாடி-கெல்வின். அதாவது 300 கெல்வினில் அலுமினியத்துக்கு டி1 சுமார் 6.2 மில்லிவிநாடி, தாமிரத்துக்கு 4.2 மில்லிவிநாடி. உங்கள் கருவி இந்த எண்களைத் தரவில்லை என்றால் வெப்பநிலைமானியோ பல்ஸ் வரிசையோ சரியில்லை.

இப்போது கோரிங்கா 1950இல் தந்த தொடர்பைக் கையால் போட்டுப் பாருங்கள். ஒன்றோடொன்று வினைபுரியாத எலக்ட்ரான்கள் என்றால், டி1, வெப்பநிலை, நைட் பெயர்ச்சியின் வர்க்கம் மூன்றின் பெருக்கல் அணுக்கருவை மட்டும் பொறுத்த மாறிலி. அலுமினியத்துக்கு அது 3.87 மைக்ரோவிநாடி-கெல்வின். நைட் பெயர்ச்சி 0.162 சதவீதம், வர்க்கம் 2.62 × 10⁻⁶. வகுத்தால் 1.48 வருகிறது. அளந்ததோ 1.85. தாமிரத்துக்கு மாறிலி 3.75, பெயர்ச்சி 0.237 சதவீதம், கணக்குப்படி 0.67 வர வேண்டும், அளந்தது 1.27.

ஆக, சாதாரணத் தாமிரத்திலேயே கணக்கும் அளவும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேறுபடுகின்றன. எலக்ட்ரான்களுக்குள் இருக்கும் பரிமாற்ற வினை, பூச்சிய அலைத்திசையனில் ஏற்புத்திறனை மற்ற இடங்களைவிட அதிகம் ஊதிவிடுகிறது. பெயர்ச்சி அதை முழுசாக வாங்கிக்கொள்கிறது. எல்லாவற்றையும் சராசரி எடுக்கும் டி1 கொஞ்சமாக வாங்கிக்கொள்கிறது. ஒரு புதிய சேர்மத்தில் 1.5 மடங்கு விலகல் வந்ததும் காந்த உறுதியின்மை என்று அறிவிக்க நினைப்பவர்கள் இந்தத் தாமிர எண்ணை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

படி 5: மீட்சிக் கோட்டைச் சரியான சூத்திரத்தில் பொருத்துங்கள்

நெருக்கமான பல்ஸ்களால் காந்தமாக்கலை அழித்து, குறிப்பிட்ட நேரம் விட்டு, ஸ்பின் எதிரொலியில் எவ்வளவு மீண்டிருக்கிறது என்று அளக்கிறோம். காத்திருப்பு நேரங்களை மடக்கை இடைவெளியில் வையுங்கள். டி1-இல் நூறில் ஒரு பங்கிலிருந்து பத்து மடங்கு வரை போகட்டும்.

நான்முனைப் பிளவு உள்ள அணுக்கருவில் மையக் கோட்டை மட்டும் அழித்தால் மீட்சி ஒற்றை அடுக்குக்குறியாக வராது. ஸ்பின் 3/2 என்றால் மீளாத பங்கு இரண்டு துண்டாகக் குறையும்: 0.9 எடையுள்ள துண்டு டி1-ஐவிட ஆறு மடங்கு வேகத்தில், 0.1 எடையுள்ள துண்டு டி1-இன் வேகத்தில். ஸ்பின் 5/2க்கு எடைகள் 50/63, 8/45, 1/35. வேகங்கள் முறையே 15, 6, 1 மடங்கு. ஆர்சனிக் மையக் கோட்டை ஒற்றை அடுக்குக்குறியில் பொருத்தினால் தளர்வு வீதம் ஏறக்குறைய ஆறு மடங்கு பெரிதாகக் கிடைக்கும். வரைபடத்தின் வடிவம் மாறாது என்பதால் அந்தப் பிழை கண்ணில் படாமலே போய்விடும். கோரிங்கா விகிதத்தை (படி 7) கணக்கிடும்போது மட்டும் உங்கள் உலோகம் திடீரென எதிர் ஃபெர்ரோ காந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

கலப்பு உலோகத்தில் இடத்துக்கு இடம் டி1 மாறும். பொருத்தம் சரியாக உட்காராவிட்டால் நீட்டிய அடுக்குக்குறியை (அடுக்கில் உள்ள நேரத்தை நீட்டல் எண் என்ற ஒரு படிக்கு உயர்த்திய சார்பு) பயன்படுத்தலாம், ஆனால் அந்த நீட்டல் எண்ணையும் வெப்பநிலையோடு சேர்த்து வரைந்து வெளியிடுங்கள். குளிரும்போது அது 1இலிருந்து கீழே இறங்கினால் அதுவே ஒரு செய்தி.

படி 6: பெயர்ச்சியிலிருந்து ஸ்பின் பகுதியைப் பிரித்தெடுங்கள்

மாறுநிலை உலோகங்களில் நைட் பெயர்ச்சியின் ஒரு பகுதி எலக்ட்ரான்களின் சுற்றுப்பாதை இயக்கத்திலிருந்து வருகிறது. அது வெப்பநிலையோடு மாறாது; அதைக் கழித்தால் மிஞ்சுவதே ஸ்பின் பகுதி. வெப்பநிலையை மறைமுகமாக வைத்து, பெயர்ச்சியை ஏற்புத்திறனுக்கு எதிரே வரையுங்கள். சாய்வு மீநுண் இணைப்பைத் தரும். நேர்கோடு தாழ் வெப்பநிலையில் வளைந்தால், பெரும்பாலும் ஏற்புத்திறன் அளவீட்டில் மாசு கலந்திருக்கிறது. பெயர்ச்சி அந்த மாசால் அவ்வளவு எளிதில் கெடாது. சாய்வு எதிர்க்குறியோடு வந்தால் பதற வேண்டாம். டி (d) எலக்ட்ரான்கள் உள்ளடுக்கு எஸ் (s) எலக்ட்ரான்களை முனைவாக்கும் வழியில் அப்படித்தான் வரும். பல்லேடியத்திலும் பிளாட்டினத்திலும் மொத்தப் பெயர்ச்சியே எதிர்க்குறிதான்.

படி 7: கோரிங்கா விகிதம்

அளந்த வகுத்த வீதத்தை, ஸ்பின் பெயர்ச்சியிலிருந்து எதிர்பார்க்கும் வகுத்த வீதத்தால் வகுங்கள். 1ஐவிட நன்றாகக் குறைந்தால் ஃபெர்ரோ காந்தச் சாய்வு. நன்றாகக் கூடினால் பூச்சியமல்லாத ஏதோ ஒரு அலைத்திசையனில் ஏற்ற இறக்கம் குவிந்திருக்கிறது. சிலர் இதைத் தலைகீழாக வரையறுப்பார்கள், ஆகவே வரையறையை எழுதிவிட்டு எண்ணைச் சொல்லுங்கள்.

இதை நான் திசைகாட்டியாக மட்டுமே நம்புகிறேன். உள்ளடுக்கு முனைவாக்கம் வந்தால் டி (d) ஆற்றல் பட்டைகளின் எண்ணிக்கையைப் பொறுத்து எதிர்பார்ப்பே மாறிவிடும். படி 2இல் சொன்ன ரத்து வேலையும் எண்ணைக் குறைத்துக் காட்டும். விகிதத்தின் மதிப்பைவிட, வெப்பநிலையோடு அது எப்படி நகர்கிறது என்பதுதான் நம்பத்தகுந்தது.

படி 8: எந்த அடுக்கில் பொருந்துகிறது என்று பாருங்கள்

இங்கேதான் மோரியாவின் தன்னிசைவு மறுசீரமைப்புக் கோட்பாடு கைகொடுக்கிறது. சூத்திரத்தை மனப்பாடம் செய்வதைவிட அது எப்படி வருகிறது என்று பார்த்துக்கொண்டால் மறக்காது.

ஃபெர்ரோ காந்தத்துக்குப் பக்கத்தில், மொத்தக் காந்தமாக்கல் காக்கப்படும் அளவு. எனவே நீண்ட அலைநீள ஏற்ற இறக்கங்கள் மிக மெதுவாகத்தான் அடங்கும். அலை எண்ணை க்யூ என்றும், ஒத்திசைவு நீளத்தின் தலைகீழை கப்பா என்றும் வைத்தால், ஒவ்வொரு க்யூவும் வகுத்த வீதத்துக்குத் தரும் பங்கு 1/[க்யூ(கப்பா² + க்யூ²)²] போல இருக்கும். முப்பரிமாணத்தில் இதை க்யூ² எடையோடு கூட்டினால் 1/கப்பா² கிடைக்கிறது. அது ஏற்புத்திறனேதான். ஆகவே முப்பரிமாண ஃபெர்ரோ விளிம்பில் வகுத்த வீதம் ஏற்புத்திறனுக்கு நேர்விகிதம். இருபரிமாணத்தில் எடை க்யூ மட்டும். ஏற்புத்திறனின் 3/2 அடுக்கு வரும்.

எதிர் ஃபெர்ரோ விளிம்பில் அந்தக் காப்பு விதியின் தயவு இல்லை. ஒழுங்கு அலைத்திசையனிலிருந்து க்யூவை அளந்தால் பங்கு 1/(கப்பா² + க்யூ²)² மட்டுமே. முப்பரிமாணத்தில் கூட்டினால் 1/கப்பா, அதாவது ஒழுங்கு அலைத்திசையனில் உள்ள ஏற்புத்திறனின் வர்க்கமூலம். இருபரிமாணத்தில் அந்த ஏற்புத்திறனுக்கே நேர்விகிதம்.

நடைமுறையில், ஃபெர்ரோ பக்கம் என்று சந்தேகம் வந்தால் வகுத்த வீதத்தை வெப்பநிலைக்கு எதிரே வரைவதோடு நிறுத்தாமல், நைட் பெயர்ச்சிக்கு எதிரே வரையுங்கள். நேர்கோடு வந்தால் முப்பரிமாண ஃபெர்ரோ ஏற்ற இறக்கம். சுமார் 41 கெல்வினில் ஒழுங்கடையும் வலுக்குறைந்த ஃபெர்ரோ காந்தமான நிக்கல் அலுமினியச் சேர்மத்தில் (மூன்று நிக்கலுக்கு ஒரு அலுமினியம்), அலுமினியம்-27 தளர்வு இந்த வழியில்தான் போகிறது. பீட்டா மாங்கனீசு எதிர்ப்பக்கத்து உதாரணம். அதில் இரண்டு வகை இடங்கள் உண்டு. அவற்றில் இரண்டாவது இடத்தின் தளர்வு வீதம் வெப்பநிலையின் வர்க்கமூலம் போல ஏறுகிறது. வகுத்த வீதமாகப் பார்த்தால் கியூரி வடிவ ஏற்புத்திறனின் வர்க்கமூலம், முப்பரிமாண எதிர் ஃபெர்ரோ விளிம்புக்குரிய அடுக்கு.

படி 9: புலத்தை மாற்றிப் பாருங்கள்

ஃபெர்ரோ விளிம்பில் வெளிப்புலமே ஏற்ற இறக்கத்தை அமுக்கும். குறைந்தது இரண்டு புலங்களில் அளந்து, கூடிய புலத்தில் வகுத்த வீதம் குறைகிறதா என்று பாருங்கள். கோட்பாட்டோடு ஒப்பிட வேண்டியது தாழ்புல மதிப்பு. எதிர் ஃபெர்ரோ விளிம்பில் இந்தப் பாதிப்பு பொதுவாகக் குறைவு. மாதிரி மீக்கடத்தியாகும் என்றால் அந்த வெப்பநிலைக்குக் கீழே உள்ள புள்ளிகளைப் பொருத்தத்தில் சேர்க்கவே கூடாது.

படி 10: எல்லாவற்றையும் ஒரு பொருளில் ஓட்டிப் பார்ப்போம்

பேரியம் இரும்பு ஆர்சனைடு சுமார் 138 கெல்வினில் பட்டை வடிவ எதிர் ஃபெர்ரோ காந்தமாகிறது (ஒரு வரிசை இரும்பு ஸ்பின்கள் ஒரு பக்கம், அடுத்த வரிசை எதிர்ப்பக்கம்). ஆர்சனிக்கின் இடத்தில் பாஸ்பரஸைக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்தால் காந்தம் பின்வாங்கி, மூன்றில் ஒரு பங்கு பாஸ்பரஸில் சுமார் 30 கெல்வினில் மீக்கடத்தல் வருகிறது. கியோட்டோவில் நாகாயும் சக ஆய்வாளர்களும் 2010இல் இதைப் பாஸ்பரஸ்-31 கொண்டு அளந்தார்கள்.

படி 2இன் கேள்வியை முதலில் கேட்போம்: பாஸ்பரஸ் இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்க்குமா? பாஸ்பரஸும் ஆர்சனிக்கும் இரும்புச் சதுரத்தின் நடுவே, தளத்துக்கு மேலோ கீழோ இருக்கின்றன. பட்டை வடிவத்தில் இரும்பு ஸ்பின்கள் தளத்தில் படுத்திருந்தால், அந்த இடத்தில் தளத்தோடு ஒட்டிய புலம் ரத்தாகிறது. தளத்துக்குச் செங்குத்தான புலம் ரத்தாவதில்லை. தாய்ச் சேர்மத்தில் ஒழுங்கு வந்த பிறகு ஆர்சனிக் இருக்கும் இடத்தில் சுமார் 1.5 டெஸ்லா உட்புலம் அந்தத் திசையில்தான் காணப்பட்டது. ஆக, பார்க்கும். அதுவும் வெளிப்புலத்தைத் தளத்தோடு ஒட்டி வைத்தால் நன்றாகப் பார்க்கும், ஏனென்றால் டி1-க்கு வேண்டியது வெளிப்புலத்துக்குச் செங்குத்தான தள்ளாட்டம்.

முடிவு என்ன? மூன்றில் ஒரு பங்கு பாஸ்பரஸ் உள்ள மாதிரியில் நைட் பெயர்ச்சி குளிரும்போது பெரிதாக அசையவில்லை, வகுத்த வீதமோ வேகமாக ஏறியது. பூச்சிய அலைத்திசையனில் எதுவும் நடக்கவில்லை, வேறெங்கோ நடக்கிறது என்பது அந்த இரண்டு வரைபடங்களை அடுத்தடுத்து வைத்ததுமே தெரிகிறது. 64 சதவீதம் பாஸ்பரஸ் உள்ள மாதிரியில் அந்த ஏற்றம் காணாமல் போய், வகுத்த வீதம் மாறிலியாக, அதாவது கோரிங்கா நடத்தைக்கு வந்துவிட்டது.

நடுவில் உள்ளவற்றை இருபரிமாண எதிர் ஃபெர்ரோ வடிவத்தில் பொருத்தினார்கள்: ஒரு மாறிலி, அதோடு வெப்பநிலையும் தீட்டா என்ற ஒரு வெப்பநிலை அளவும் கூடியதன் தலைகீழுக்கு விகிதமான ஒரு பகுதி. தீட்டா என்பது எதிர் ஃபெர்ரோ ஒழுங்கிலிருந்து உலோகம் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதன் அளவு. பாஸ்பரஸ் குறையக் குறைய அது சிறுத்து, 0.33 பங்கில் பூச்சியத்தைத் தொட்டது. மீக்கடத்தல் உச்சம் தொடும் அதே கலவை. மின்தடை வெப்பநிலையோடு நேர்கோட்டில் போவதும் அதே கலவையில்தான்.

உங்கள் பொருளில் இதே பொருத்தத்தைச் செய்யும்போது கவனிக்க ஒன்று உண்டு. மூன்று அளவுருக்களில் மாறிலியும் தீட்டாவும் ஒன்றையொன்று இழுக்கும்: மாறிலியைக் கொஞ்சம் உயர்த்தினால் தீட்டா குறைந்து, குவாண்டம் மாறுநிலைப் புள்ளி (பூச்சிய கெல்வினில் காந்த ஒழுங்கு தொடங்கும் எல்லை) கைக்கெட்டும் தூரத்தில் வந்தது போலத் தோன்றும். அதனால் மாறிலியைத் தனியாகக் கட்டுங்கள். ஏற்ற இறக்கம் அடங்கிய, கோரிங்கா நடத்தை காட்டும் கலவையை அளந்து, பெயர்ச்சியின் வர்க்கத்தால் சரிக்கட்டி, அந்த மதிப்பை இங்கே வைத்துப் பொருத்துங்கள். பொருத்தத்தின் கீழ் எல்லை வெப்பநிலையை 10 கெல்வின் ஏற்றி இறக்கி, தீட்டா எவ்வளவு ஆடுகிறது என்றும் பாருங்கள். அந்த ஆட்டம்தான் நீங்கள் தீட்டாவுக்குப் பக்கத்தில் எழுத வேண்டிய பிழை எல்லை.